மொதல்ல தரையத் துடை

ஏண்டா பேராண்டி, காலேஜுல கூடைப்பந்து கோச்சா சேர்ந்து இன்னும் மொத சம்பளம் கைக்கு வரல. அதுக்குள்ள ராத்திரி பூரா ஃபோன்ல ஜான் வுடனோட வெற்றி ரகசியம்னு எவனோ பேசுறதக் கேட்டுக்கிட்டுக் கிடக்கியாமே? உங்க அம்மா சொன்னா. கேளு, தப்பில்ல. அமெரிக்காவுல காலேஜ் கூடைப்பந்துன்னா அந்த மனுசன் பேருதான் முன்னாடி வரும். லாஸ் ஏஞ்சல்ஸ்ல யு.சி.எல்.ஏ.ன்னு ஒரு பெரிய யுனிவர்சிட்டி. அதுக்கு 12 வருசத்துல 10 தேசியப் பட்டம் வாங்கிக் குடுத்தாரு. 1964-ல மொத கப்பு, 1975-ல கடைசி. நடுவுல 1967-லேர்ந்து ஏழு வருசம் விடாம இவருதான். அந்த 12 வருசத்த யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும். ஆனா நானும் ஒரு காலத்துல விசில் ஊதிப் பொழச்சவன் பாரு, 1964-க்கு முன்னாடி அந்த ஆளு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாருன்னு நோண்டிப் பாக்குற கெட்ட புத்தி உண்டு. அதையும் கேளு. கேட்ட பின்னாடியும் அவரு மாதிரி ஆகணும்னு தோணுச்சுன்னா, அது உன் தலையெழுத்து.

மொத யோசனை, பொறக்கும்போதே இடம் பாத்துப் பொறக்கணும். அவரு 1910-ல இண்டியானா மாநிலத்துப் பட்டிக்காட்டுல பொறந்தாரு. வீட்டுல கரண்ட் கிடையாது. பழைய சாக்ஸுக்குள்ள கந்தலத் திணிச்சு அம்மா தச்சுக் குடுத்ததுதான் பந்து. அப்பா ஜோசுவா தக்காளிக்கூடையோட அடிய எடுத்துட்டு வைக்கோல் கொட்டகையில ஆணியடிச்சு மாட்டிவிட்டாரு. கோர்ட் ரெடி. நீ போன வாரம் ஷூ மட்டும் என்ன விலைக்கு வாங்குனன்னு நான் கேக்கல.

அந்த அப்பா பன்னி வளத்தாரு. நோய் வரக்கூடாதுன்னு ஊசி போட்டாரு. மருந்து கெட்ட மருந்து, பன்னியெல்லாம் செத்துப்போச்சு. கடன் கழுத்த நெரிச்சு நிலமும் கையவிட்டுப் போச்சு. அப்பவும் மனுசன் மருந்துக்காரன ஒரு வார்த்த பேசலயாம். பிள்ளைகளுக்கு ஆறு விசயம் சொல்லி வச்சாரு. பொய் சொல்லாத, ஏமாத்தாத, திருடாத. பொலம்பாத, குறை சொல்லாத, சாக்குச் சொல்லாத. மொத மூணையாவது நீ எப்படியோ சமாளிச்சிருவ. பின்னாடி மூணையும் கடைப்பிடிச்சா ஒரு கோச்சு தோத்துட்டு வந்து என்னத்தடா பேசுவான்? ரெஃப்ரி சரியில்ல, தரை வழுக்குது, ஆபீஸ்ல பயணப்படி குடுக்கல, பயலுக ராத்திரி தூங்கல... எல்லாம் போச்சே! பத்திரிகைக்காரனுக்குப் பேட்டியே கிடையாது.

ஆளு ஒண்ணும் பனைமர உசரம் இல்ல, அஞ்சடி பத்து அங்குலம். ஆனா பர்டூ யுனிவர்சிட்டிக்கு ஆடும்போது மூணு தடவை அமெரிக்காவுலயே தேர்ந்த ஆட்டக்காரங்க பட்டியல்ல வந்தவரு. கீழ விழுந்தா பந்தோட பந்தா எந்திரிச்சு வருவாருன்னு ரப்பர் மனுசன்னு பட்டப்பேரு. 1932-ல படிப்ப முடிச்சு, நெல்லிங்கிற பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதியக் கட்டப் போற நேரத்துல, சேத்து வச்ச 909 டாலர் 5 செண்டோட பேங்க் இழுத்து மூடிருச்சு. கல்யாணம் என்னமோ நின்னு போகல. நெல்லியம்மாவப் பத்தி நான் தனியா ஒண்ணும் சொல்லப்போறதில்ல. 1985-ல அவுக போன பின்னாடி, மாசாமாசம் 21-ந் தேதி அவுகளுக்கு இவரு லெட்டர் எழுதினாருங்கிறத மட்டும் தெரிஞ்சுக்கோ. நீ உன் பொண்டாட்டியோட ஃபோன எடுக்கவே மூணு தடவை மணியடிக்கணும்.

அடுத்த யோசனை, சேர்ந்த வருசமே தோத்துரு. கென்டக்கியில டேட்டன்னு ஒரு ஊரு ஹைஸ்கூல்தான் அவருக்கு மொத வேலை. 6 ஆட்டம் ஜெயிச்சு 11 தோத்தாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஜெயிச்சத விட அதிகமா தோத்த வருசம்னு ஒண்ணு அவரு கணக்குல கிடையாது. அதனால உனக்கும் சலுகை உண்டு, ஒரே ஒரு வருசம்.

அப்புறம் சவுத் பெண்ட் ஊரு ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியார். சாயங்காலம் கோச்சு. அங்கதான் பிள்ளைக மார்க்குக்காகப் பெத்தவங்க வந்து சண்டை போடுவாங்களாம். பக்கத்து வீட்டுப் பய வாங்கின மார்க்க என் மகனுக்கு ஏன் போடலன்னு. இது எல்லா ஊருலயும் உள்ள வியாதிதான்னு தெரிஞ்சு எனக்கு ஒரே ஆறுதல். வெற்றின்னா என்னன்னு இவுகளுக்குச் சொல்லித் தொலைக்கணும்னு 1934-ல ஒரு கோபுரப் படம் போட ஆரம்பிச்சாரு. வெற்றிக் கோபுரம்னு பேரு. 15 கல்லு. அடியில உழைப்பு, ஆர்வம், உச்சியில போட்டித் திறம். இங்க வை, அங்க வைன்னு கல்ல மாத்தி மாத்தி வச்சு, முடிக்க 14 வருசம் ஆச்சு. இன்னைக்கு அந்தப் படத்த அச்சடிச்சு ஆபீஸ் ஆபீஸா மாட்டியிருக்காங்க. உன் ஃபோன்லயும் இருக்கும். ஆனா கணக்கப் பாருடா. கோபுரம் 1948-ல முடிஞ்சிருச்சு, மொத கப்பு 1964-ல வந்துச்சு. வெற்றி ரகசியத்தச் சட்டைப்பையில வச்சுக்கிட்டே 16 வருசம் வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருக்காரு மனுசன். படத்த மாட்டுறவன் எவனும் இத மட்டும் அச்சடிக்கிறதில்ல.

அதுக்கு நடுவுல ஒரு கதை. இதுல கேலி பேச எனக்கு வாய் வரல. சண்டைக்காலத்துல கடற்படையில இருந்துட்டு வந்து, 1946-ல இண்டியானா ஸ்டேட் காலேஜுல சேர்ந்தாரு. மொத வருசமே டீம் நல்லா ஆடி, கான்சஸ் சிட்டியில நடக்குற தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்துச்சு. ஆனா அந்தப் போட்டியில கறுப்பினப் பிள்ளைக ஆடக்கூடாது. இவரு டீம்ல கிளாரன்ஸ் வாக்கர்னு ஒரு பையன். முன்னணி ஆட்டக்காரன்கூட இல்ல, பெஞ்சுல உக்காந்திருக்குற பையன். அவன விட்டுட்டு வந்தா வரலாம்னாங்க. அப்ப நாங்களே வரலன்னுட்டாரு. அடுத்த வருசம் 1948-ல அவன் ஆடலாம்னு எறங்கி வந்தாங்க. அதுலயும் ஒரு கொக்கி, டீம் தங்குற ஹோட்டல்ல அவன் தங்கக்கூடாது. இவரு அதுக்கும் வரமாட்டேன்னுதான் நின்னாரு. பையனோட வீட்டாரும், கறுப்பின மக்களோட உரிமைச் சங்கத்துக்காரங்களும் சொன்ன பின்னாடிதான் சம்மதிச்சாரு. அந்தப் போட்டியில ஆடின மொத கறுப்பினப் பையன் வாக்கர்தான். டீம் பைனல் வரைக்கும் போயி லூயிவில்கிட்ட தோத்துச்சு. இந்தக் கதைய உன் வீடியோக்காரன் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். இதுல கப்பு இல்ல பாரு.

அதே வருசம் ரெண்டு பெரிய யுனிவர்சிட்டி கூப்பிட்டுச்சு. மினசோட்டாவும் யு.சி.எல்.ஏ.வும். அவருக்கு மினசோட்டா மேலதான் ஆசை. இத்தன மணிக்கு ஃபோன் பண்றோம்னாங்க. பனிப்புயல்ல லைன் போச்சு, ஃபோன் வரல. சரி, வேணாம்னுட்டாங்க போலன்னு நெனச்சு, அடுத்து கூப்பிட்ட யு.சி.எல்.ஏ.வுக்கு வர்றேன்னு சொல்லிட்டாரு. அப்புறம் மினசோட்டா ஃபோன் வருது, வேலை உனக்குத்தான்னு. வார்த்த குடுத்தாச்சு, போங்கன்னாரு. காலேஜ் விளையாட்டோட சரித்திரமே ஒரு ஃபோன் லைன் அறுந்ததுல மாறிப்போச்சு. நீ என்னடான்னா ரெண்டு எடத்துல ஆஃபர வாங்கி வச்சுக்கிட்டு, அவன்கிட்ட இவனக் காட்டி இன்னும் ஒரு ரெண்டாயிரம் கூட்டிக் கேட்ட. நான் தப்புன்னு சொல்லல. வெவரம்னுதான் சொல்றேன்.

இனிமேதான் நீ நல்லாக் காதத் தீட்டிக் கேக்கணும். யு.சி.எல்.ஏ.வுல அவருக்குச் சம்பளம் வருசத்துக்கு 6,000 டாலர். பத்தல. அதனால மொத சில வருசம் காலையில ஒரு பால் கம்பெனியில வேலை. லாரியெல்லாம் போயி வந்த பின்னாடி மறுநாள் ஆர்டர எழுதிக் குடுத்து, அந்த எடத்தப் பெருக்கிட்டு, மத்தியானம் மலையத் தாண்டி யுனிவர்சிட்டிக்கு வந்து சேருவாரு. வந்தா இங்க ஜிம். ஜிம்மா அது? ஒரு பழைய கட்டடத்தோட மூணாவது மாடி. ஒரு பக்கம் மல்யுத்தக்காரன் உருளுறான், இன்னொரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ் பயலுக அந்தரத்துல தொங்குறானுக, மேல ஒருத்தன் டிராம்போலின்ல குதிக்கிறான். காத்துப் போக வழியில்ல. வேர்வ நாத்தத்த வச்சே அந்த ஜிம்முக்குப் பட்டப்பேரு வச்சிருந்தாங்க. இவுக கிளப்பிவிட்ட தூசி தரை பூரா. பிராக்டீஸ் ஆரம்பிக்கணும்னா தரையத் துடைக்கணும். யாரு துடைக்கிறது? பட்டம் வாங்கின கோச்சுதான். கோழிக்குத் தீவனம் எறைக்கிற மாதிரி வாளித் தண்ணியக் கையால தெளிச்சுக்கிட்டே இவரு முன்னாடி போவாரு, உதவியாளு பின்னாடியே துடப்பத்தத் தள்ளிக்கிட்டு வருவாரு. காலையில அங்க பெருக்கினவரு சாயங்காலம் இங்க துடைச்சாரு. நீ போன மாசம் ஆபீஸ்ல ஏசி கேட்டு எழுதிக் குடுத்தியே, அந்த லெட்டர் என்னாச்சு?

இன்னொண்ணு கேளு. ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு உக்காருற அந்தக் கட்டடத்துல ஆட்டம் நடத்துறது ஆபத்துன்னு தீயணைப்புக்காரங்க நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் சொந்த ஊரு ஆட்டத்துக்கே ஊரு ஊரா எடம் தேடி அலைஞ்சாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி, அந்த ஜிம்ம வச்சுக்கிட்டே மொத வருசம் 22 ஜெயிச்சு 7 தோத்தாரு. அவரு வர்றதுக்கு முன்னாடி வருசம் அந்த டீம் ஜெயிச்சது 12-தான். ரெண்டு வருசத்துல பழைய பர்டூ கூப்பிட்டுச்சு, சம்பளம், வீடு, காருன்னு. போக ஆசைதான். ஆனா மூணு வருச ஒப்பந்தம் வேணும்னு மொதல்ல அடம்பிடிச்சது நீங்கதானேன்னு யு.சி.எல்.ஏ.காரங்க ஞாபகப்படுத்தினாங்க. வாய மூடிக்கிட்டு இருந்துட்டாரு. இதுக்குத்தான் நான் எப்பவும் சொல்றது, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி யோசி. போட்ட பின்னாடி யோசிச்சா உனக்கும் பேரும் புகழும் வந்து தொலைச்சிரும்.

அப்புறம் 1964 எப்படி வந்துச்சு? கோபுரத்தாலயா? கொஞ்சம் இருக்கலாம். ஆனா ஜெர்ரி நார்மன்னு ஒரு அசிஸ்டென்ட். ஆட்டக்காரனா இருந்த காலத்துல கோச்சுக்குத் தலைவலி குடுத்த பய. அவன்தான் வந்து, ஐயா, நம்ம பயலுக குட்டை, ஆனா காலு வேகம், எதிராளி பந்த எடுத்து உள்ள போட்ட நிமிசமே கோர்ட் முழுக்கப் பாஞ்சு மறிப்போம்னு நச்சரிச்சான். ஜோன் பிரஸ். வால்ட் ஹசார்டு, கெய்ல் குட்ரிச்சுன்னு ரெண்டு கெட்டிக்காரப் பயலுக. மொத அஞ்சுல எவனும் ஆறடி அஞ்சு அங்குலத்தத் தாண்டல. பைனல்ல டியூக் டீமுல ஆறடி பத்துல ரெண்டு பேரு நின்னானுக. ரெண்டரை நிமிசத்துல விடாம 16 பாயிண்ட் எடுத்துட்டாங்க இவுக. 98-83. வருசம் பூரா 30 ஆட்டம், ஒண்ணு கூடத் தோக்கல. அம்பதத் தாண்டின வயசுல, ஒரு காலத்துல அடங்காத பயலா இருந்தவன் சொன்ன யோசனையக் கேட்டுக்கிட்டாரு பாரு, அதுதான்டா எனக்கு அந்தக் கோபுரத்த விடப் பெருசாத் தெரியுது. உன் அசிஸ்டென்ட் பேரு என்ன சொன்ன? ஞாபகம் இல்லையா? அதான பாத்தேன்.

பயிற்சி எப்படின்னு கேக்குறியா. மொத நாளு பந்த எடுக்கவே விடமாட்டாரு. அமெரிக்கா பூராத் தேடி அள்ளிக்கிட்டு வந்த பெரிய ஆட்டக்காரப் பயலுக வரிசையா உக்காந்திருப்பானுக, பெரிய மந்திரம் ஏதோ வரப்போகுதுன்னு. இவரு ஷூவக் கழட்டி சாக்ஸ் போடச் சொல்லித் தருவாரு. குதிகால்ல, சுண்டுவிரல்கிட்ட சுருக்கம் இல்லாம நீவிவிடு, அப்புறம் ஷூக் கயித்த ஒவ்வொரு ஓட்டையா இழுத்துக் கட்டுன்னு. பயலுக ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பானுகளாம். சுருக்கம் இருந்தா கொப்புளம், கொப்புளம்னா பிராக்டீஸ் இல்ல, பிராக்டீஸ் இல்லேன்னா ஆட்டம் இல்ல. அவ்வளவுதான் தத்துவம். கையகல அட்டையில நிமிசக் கணக்கு எழுதி வச்சிருப்பாரு. இத்தன மணிக்கு இது, அடுத்த பத்து நிமிசம் அது. மணி ஆயிருச்சுன்னா பாதியில இருந்தாலும் அடுத்ததுக்குப் போயிருவாரு.

1974-75-ல ரெண்டு மனோதத்துவக்காரங்க நோட்டும் கையுமா மேல உக்காந்து, மனுசன் வாயத் தொறந்து சொன்னதயெல்லாம் எண்ணினாங்க. 2,326 குறிச்சாங்க. முக்கால்வாசி இதச் செய், இப்படிச் செய், மறுபடி செய்ங்கிற வெறும் பாடம். பாராட்டு நூத்துக்கு ஏழு கூட இல்ல, திட்டும் ஏறக்குறைய அவ்வளவே. வீர வசனம் எங்கேயும் காணோம். ஆட்டத்துக்கு முன்னாடி ரத்தம் கொதிக்கப் பேசணும்னு நீ ரெண்டு சினிமாப் பாத்து மனப்பாடம் பண்ணி வச்சிருக்கியே, அதக் கல்யாண வீட்டுல மைக் கிடைச்சாப் பேசு.

சாமியாருன்னு நெனச்சிராத. பெஞ்சுல காலு மேல காலு போட்டு உக்காந்து, ஆட்டச் சீட்டப் பொகையில மாதிரிச் சுருட்டிக் கையில வச்சிருப்பாரு. பாக்குறவனுக்குப் பள்ளிக்கூட வாத்தியாரு அமைதியா உக்காந்திருக்காருன்னு தோணும். அந்தச் சுருட்டுக்குப் பின்னாடி வாய வச்சுக்கிட்டு ரெஃப்ரியயும் எதிர் டீம் பயலுகளயும் நல்லாவே சீண்டியிருக்காரு. கெட்ட வார்த்த மட்டும் வராது. இது ஒண்ணுதான் உனக்கு ஒடனே பிடிக்கும்னு எனக்குத் தெரியும், அதனால வேகமாச் சொல்லிட்டுப் போயிர்றேன்.

கப்பு வந்த பின்னாடிதான் பெரிய பெரிய ஆளுக வந்தாங்க. 1965-ல பாலி பெவிலியன்னு புது அரங்கம் கட்டிக் குடுத்தாங்க. தொறந்து வச்ச கையோட என்ன நடந்துச்சு தெரியுமா? தேசிய சாம்பியனான சீனியர் டீம, அவுக காலேஜு மொத வருசப் பயலுகளே 75-60-னு தோக்கடிச்சானுக. அதுல ஒருத்தன் ஏழடிக்கு மேல. லூ ஆல்சிண்டர்னு பேரு. பின்னாடி கரீம் அப்துல் ஜப்பார்னு உலகத்துக்கே தெரிஞ்சவரு. அவரு சீனியர் டீமுக்கு ஆட வந்த மொத வருசமே டீம் 30-க்கு 30. காலேஜ் போட்டி நடத்துறவுக பயந்துபோயி 1967-ல ரிங்குக்கு மேலேர்ந்து பந்த அமுக்குற டங்கையே தடை பண்ணினாங்க. ஒன்பது வருசம் அந்தத் தடை இருந்துச்சு. இது என்னப் போல கறுப்பின ஆட்டக்காரங்களக் குறி வச்சதுன்னு ஆல்சிண்டர் நெனச்சாரு. கோச்சு, இதனால உன் ஆட்டம் இன்னும் மெருகேறும்னாரு. ரெண்டு பேரு சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

1968-ல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல அம்பதாயிரத்துக்கு மேல கூட்டம், நாடு பூரா டி.வி.யில பாக்குது, ஹூஸ்டன் யுனிவர்சிட்டிகிட்ட 71-69-னு தோத்தாங்க. ஆல்சிண்டருக்குக் கண்ணுல அடி. அப்பா சொன்ன ஆறாவது வார்த்த ஞாபகம் இருக்குல்ல? ரெண்டு மாசம் கழிச்சு அரையிறுதியில அதே ஹூஸ்டன 101-69-னு மடக்கினாங்க. சாக்குச் சொல்லியிருந்தா இவ்வளவு ருசிச்சிருக்காது.

பில் வால்டன்னு ஒரு செவத்த முடிக்காரன். போர் எதிர்ப்பு, போராட்டம், கைதுன்னு திரிஞ்ச பய. ஆட்டத்துல அசுரன். 1973 பைனல்ல 22 தடவை எறிஞ்சதுல 21 உள்ள போட்டான். அவன் ஒரு நாளு முடியும் தாடியுமா வந்து, இது என் உரிமைன்னான். கோச்சு, கொள்கைக்காக நிக்கிறவனை நான் மதிக்கிறேன் தம்பி, நீ இல்லாம எங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்னாரு. பய சைக்கிள எடுத்துக்கிட்டு முடிவெட்டுற கடைக்குப் பறந்தான். நீ உன் டீம்ல இதச் செஞ்சு பாக்காத. அவன் சரி நான் வரலன்னுட்டா, அடுத்த ஆட்டத்துக்கு நாலு பேரோட நிப்ப.

எல்லாம் சந்தனமும் இல்ல. ஆட்டக்காரப் பயலுகளுக்குக் கட்டடக் காண்ட்ராக்டர் பணக்காரர் ஒருத்தரு பெரிய சிநேகம். பரிசும் சலுகையுமா விதி மீறி அள்ளி விட்டாருன்னு பின்னாடி வெளிய வந்துச்சு. இவரு ஓய்வு பெத்து ஆறு வருசம் கழிச்சு, 1981-ல யு.சி.எல்.ஏ.வுக்குத் தண்டனையும் வந்துச்சு. கோச்சுக்குத் தெரியுமா தெரியாதா? எனக்குக் கடிவாளம் கட்டின குதிரைப் பார்வை இருந்திருக்கலாம், நேரா மட்டும்தான் பாத்தேன் போலங்கிற கணக்குல பேசினாரு. சாக்ஸுல ஒரு சுருக்கத்தக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, பய போட்டிருக்குற புதுச் சட்டை தெரியாமப் போச்சாக்கும்! பெரிய மனுசன்தான். ஆனா இந்த எடத்துல நான் தலையாட்ட மாட்டேன்.

ஜெயிச்சு ஜெயிச்சு என்ன சொகம் கண்டாருன்னு கேளு. விடாம 88 ஆட்டம் ஜெயிச்சு, 1974 ஜனவரி 19-ல நோட்டர் டேம் யுனிவர்சிட்டிக்கு எதிரா அவுக ஊருல 70-59-னு முன்னாடி நிக்கிறாரு. மூணரை நிமிசம்கூட இல்ல. எதிராளி விடாம 12 பாயிண்ட் எடுத்து 71-70. அந்த வருசக் கப்பும் போச்சு. அடுத்த வருசம், 1975, அரையிறுதி முடிஞ்ச சூட்டோட பயலுககிட்ட நான் விலகுறேன்னு சொன்னாரு. பைனல்ல கென்டக்கிய 92-85-னு அடிச்சு பத்தாவது கப்பு. 27 வருசம், யு.சி.எல்.ஏ.வுல மட்டும் 620 வெற்றி. கோர்ட்ட விட்டு வெளிய வரும்போது காலேஜுக்காகக் கை தட்டுற ரசிகப் பெருமகன் ஒருத்தன் வந்து கையப் பிடிச்சு, பிரமாதம் கோச்சு, போன வருசம் எங்களக் கவுத்ததுக்கு இது ஈடாயிருச்சுன்னானாம். பத்துக் கப்பு வாங்கிக் குடுத்தவருக்கு வழியனுப்பு விழா இதுதான். உனக்குப் பொன்னாடை கிடைக்கலன்னு போன வாரம் மொகத்தத் தூக்கி வச்சிருந்தியே.

அவரு எந்திரிச்ச நாற்காலியில உக்காந்தவுக பாடு இன்னும் மோசம். ஜீன் பார்ட்டோன்னு ஒரு நல்ல மனுசன். ரெண்டு வருசத்துல 52 ஜெயிச்சு 9-தான் தோத்தாரு. போதாது, வுடன் மாதிரி இல்லன்னு அரிச்சே எடுத்தாங்க. மூட்டயக் கட்டிக்கிட்டு அலபாமாவுக்குப் போயிட்டாரு. அடுத்து வந்தவரு ரெண்டு வருசம், அதுக்கடுத்தவரும் ரெண்டு வருசம். அப்புறம் பழைய ஆட்டக்காரங்கள்ல ஒருத்தரு மூணு வருசம், 1964 ஹீரோ வால்ட் ஹசார்டே வந்து நாலு வருசம். இவ்வளவு நேரமும் வுடன் அரங்கத்துல தன் சீட்டுல உக்காந்து ஆட்டம் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. 99 வயசு வரைக்கும் இருந்தாரு மனுசன். பின்னாடி அந்த ஜாம்பவான் உக்காந்திருக்க, முன்னாடி கோச்சா நிக்கிறவன் வயித்துல என்ன ஓடும்னு யோசி.

கடைசியா ஜிம் ஹாரிக்னு ஒருத்தரு 1995-ல அடுத்த கப்ப வாங்கிக் குடுத்தாரு. 20 வருசம் கழிச்சு. ஊரே தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுச்சு. மறு வருசம் நவம்பர்ல அவர வேலைய விட்டே தூக்கிட்டாங்க. எதுக்குங்குற? புதுசாச் சேக்கப் பாக்குற பயலுகளுக்கு ஒரு விருந்து வச்சாரு. யாரு யாரு வந்து சாப்பிட்டாங்கன்னு பில்லுல மாத்தி எழுதிட்டாராம்.

அதனால கப்பு, கோபுரம் எல்லாம் கெடக்கட்டும். போன ஞாயித்துக்கெழம பயலுகளக் கூட்டிக்கிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுத்தியே, எத்தன பேரு சாப்பிட்டாங்க, பில்லுல எத்தன எழுதின? அத மொதல்ல சொல்லு.